என் பொண்ணுக்கே ரெண்டு மனை

திருப்போரூரில் மனை புரோக்கர் தனகோடியைத் தெரியாது என்று சொல்கிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, கைக்குழந்தைகள். இன்னொன்று, அவரிடம் மனை வாங்கிவிட்டு அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்கள்.

அதற்காக அவரை மோசடிப் பேர்வழி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் காட்டுகிற மனையின் பத்திரத்தில் குறை இருக்காது, பட்டாவில் வில்லங்கம் இருக்காது. அந்த விஷயத்தில் மனுஷன் படு சுத்தம். பொய்யெல்லாம் பேச்சில் மட்டும்தான். அது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி, நிறுத்தச் சொன்னால் பாவம், ஆளே போய்விடுவார்.

வாயை அவர் வளர்த்துக்கொண்டது பஸ்ஸில். தொண்ணூறுகளில் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். படிக்கட்டில் ஒற்றைக் காலில் நாலு பேர் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, "ஏறு ஏறு, உள்ள எடம் காலியா கீது" என்று கூவுவார். திருக்கழுக்குன்றத்துக்கு டிக்கெட் எடுக்கும் வெளியூர்க்காரர்கள், "மலைக்குக் கழுகு வருமாங்க?" என்று கேட்டால், "காலைலதான் பார்த்தேன்" என்பார். கழுகு வருவது நின்று வருஷக்கணக்கான பிறகும் அவர் மட்டும் தினம் காலையில் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையோர வயல்களில் வரிசையாக வெள்ளையடித்த கல் முளைக்க ஆரம்பித்தபோது, இப்படிப்பட்ட வாய் பஸ்ஸில் வீணாகிறதே என்று மனை வியாபாரிகள் இரண்டு பேர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ஆளே மாறிப்போனார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டு, கழுத்தில் விரல் மொத்தத்துக்குச் சங்கிலி. சங்கிலி கவரிங். ஐந்நூறு ரூபாய் நோட்டுக்குப் பின்னால் இருந்தது மளிகைக்கடை ரசீது. பார்ட்டியை ஏற்றிக்கொண்டு போகிற கார் வாடகைக் கார், ஆனால் ஏறும்போதே, "நம்ம வண்டிதான் சார், கால நல்லா நீட்டிக்குங்க" என்பார். வாங்க வருகிறவர் எல்லாருமே அவருக்குப் பார்ட்டிதான். பெயர் கேட்கமாட்டார். தொப்பி பார்ட்டி, பெங்களூர் பார்ட்டி, மாமியார் பார்ட்டி என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்.

மனையில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அவரிடம் அதற்கும் மருந்து உண்டு. அவர் மனைவி விஜயகுமாரி வீட்டில் மண்பானையில் வெட்டிவேர் போட்டுத் தண்ணீர் வைப்பாள். அதில் ஒரு கேன் பிடித்துக்கொண்டு போய், அடிபம்புக்குப் பக்கத்தில் நிழலில் வைத்துவிடுவார். வெயிலில் வந்த பார்ட்டிக்கு ஒரு டம்ளர் நீட்டி, "நம்ம போர் தண்ணி சார், இப்பதான் அடிச்சது" என்பார். குடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு டம்ளர் கேட்பார்கள்.

இத்தனைக்கும் பிறகு பார்ட்டி தயங்கினால் கடைசியாக ஓர் அஸ்திரம் வைத்திருந்தார். குரலை இறக்கி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொல்வார்.

"வெளிய சொல்லிடாதீங்க சார். என் பொண்ணுக்கே இங்க ரெண்டு மனை போட்டு வச்சிருக்கேன். கார்னர் மனை."

அதோடு பார்ட்டி விழுந்துவிடும். பெற்ற பெண்ணுக்கு யாராவது மோசமான இடமாகப் பார்த்து வாங்குவார்களா? லேஅவுட்டுக்கு லேஅவுட் இதையே சொல்லிச் சொல்லி, திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கார்னர் மனை பூராவும் அவர் மகள் ரோகிணி பெயரில்தான் இருக்க வேண்டும். ஆனால் கோயில் குளத்துக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த ஓட்டு வீடே வாடகை வீடு. "ஜமீன்தாரம்மா, ரேஷன் கடைக்குப் போயி மண்ணெண்ணெய் வாங்கிகினு வா" என்றுதான் விஜயகுமாரி மகளை வேலை ஏவுவாள்.

ரோகிணிக்கு அப்பாவின் வாய் வரவில்லை. பேசுவது குறைவு, படிப்பதெல்லாம் மண்டையில் நிற்கும். இரண்டாயிரத்து மூன்றில் பிளஸ் டூ முடித்தபோது பள்ளிக்கூடத்தில் அவள்தான் முதல். சென்னையில் நல்ல பெயருள்ள கல்லூரியில் இன்ஜினீயரிங் சீட்டும் கிடைத்துவிட்டது. சீட்டு கிடைத்த சந்தோஷம் ஒரு நாள்தான் தாங்கியது. கல்லூரிக் கட்டணத்துக்கு மேல் ஹாஸ்டல் ஒரு மலை, மெஸ் ஒரு மலை. தனகோடிக்குக் கமிஷன் வந்தால் அன்றைக்கே பிரியாணி, வராத மாதம் பிரியாணிக் கடை இருக்கிற தெரு வழியாகவே போகமாட்டார். இதை வைத்துக்கொண்டு நாலு வருஷம் எப்படி ஓட்டுவது?

வீட்டில் அதற்கு முன்பே ஒரு புகைச்சல் இருந்தது. பொங்கல் சமயத்தில் மதுராந்தகத்திலிருந்து ஒரு நெல் வியாபாரிக் குடும்பம் ரோகிணியைப் பெண் கேட்டு வந்தது. விஜயகுமாரிக்குத் தூரத்துச் சொந்தம். பையன் ரஞ்சித்குமாரிடம் லாரியே இரண்டு இருந்தது. பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு நன்றாகத்தான் போனது. திடீரென்று ஒரு நாள் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு காதுகுத்துக்கு மதுராந்தகம் போன விஜயகுமாரியைப் பார்த்து அந்த வீட்டுப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 'சாப்டியா' என்று கேட்கக்கூட ஆள் இல்லை. என்ன காரணம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை நினைத்து நினைத்து அழுதாள். "போனா போறாங்க வுடு" என்று சொல்லிவிட்டுத் தனகோடி காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

"வுடுன்னு ஒனக்கு சொல்றதுக்கு இன்னா?" என்று கத்தினாள் விஜயகுமாரி. "காலேஜுக்கு டப்பு பொரளலேன்னு வையி, நானே மதுராந்தகம் போயி அவங்க கால்ல வுழுந்தாவது இந்தக் கல்யாணத்த முடிப்பேன். பொண்ண ரெண்டும் இல்லாம வூட்ல குந்த வைக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். ரோகிணிக்கு அது தெரியும். அன்றைக்கு அவள் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

வழி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. கல்பாக்கம் பக்கம் ஓய்வுபெற்ற ஊழியர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை வைத்திருந்தார்கள். சுற்று வட்டாரப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு அவர்களே ஒரு பரீட்சை வைத்து, முதலில் வருகிற சிலருக்குக் கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாவற்றையும் நாலு வருஷமும் கட்டுவார்கள். ரோகிணி அந்தப் பரீட்சையில் முதலாவதாக வந்தாள். அறக்கட்டளையிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவது ஒன்றுதான் பாக்கி.

வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும் தனகோடிக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. அங்கேதான் வினையே.

"டிவிய தூக்கி எதிர் வூட்டு துரை கிட்ட வச்சிடலாம்" என்றார்.

"எதுக்கு நைனா?" என்றாள் ரோகிணி. "வசதி, சொத்து எதையும் பாக்க மாட்டாங்களாம். மார்க்கு மட்டும்தானாம். டீச்சரே சொன்னாங்க."

"போடி இவளே. மார்க்குக்கு எவனாவது டப்பு குடுப்பானா? அப்புறம் இன்னாத்துக்கு வூட்டுக்கு வர்றான்? வர்றவன் கண்ணு மொதல்ல டிவி மேலதான் போவும். 'ஓகோ, கலர் டிவி வச்சிருக்கியா, நீயே கட்டிக்கோ'ன்னு போயிகினே இருப்பான். எத்தினி பார்ட்டிய பார்த்தவன் நானு!"

பாருங்கள், ஊரையே பேச்சில் மடக்குகிறவருக்கு, ஒருவன் சொன்னதை அப்படியே நம்பலாம் என்பது மட்டும் புரியவே இல்லை. எந்த வாக்குக்கும் அடியில் இன்னொன்று ஒளிந்திருக்கும் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். மனை விற்கும்போது பணக்கார வேஷம் போட்டவர், ஸ்காலர்ஷிப்புக்கு ஏழை வேஷம் போடத் தயாராகிவிட்டார்.

எதிர் வீட்டு ஆட்டோக்காரர் துரையை உதவிக்குக் கூப்பிட்டு, டிவி, கட்டில், சுவர்க் கடிகாரம், சாமி படத்தில் மாட்டியிருந்த சீரியல் பல்பு வரைக்கும் எதிர் வீட்டுக்குக் கடத்தினார். மிக்சியில் கை வைத்தபோது விஜயகுமாரி குறுக்கே வந்து நின்றாள்.

"அத்தயும் தூக்கிட்டா சட்னிக்கு ஒன் தலையவா அரைக்கறது?"

"ஒரு காலைப் பொழுது பொறுத்துக்கம்மே. ஒரு கிழிஞ்ச பொடவையா பார்த்து கட்டிக்கோ."

"நான் இன்னாத்துக்கு கட்டணும்? நான் பட்டுதான் கட்டுவேன்."

சொன்னபடியே கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு சமையலறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். தனகோடி சங்கிலி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அழுக்கு லுங்கியும் ஓட்டை பனியனுமாக, தலைக்கு எண்ணெய்கூட வைக்காமல் பாயில் உட்கார்ந்து லேசாக இருமிப் பார்த்தார். இருமல் நன்றாகத்தான் வந்தது.

"அசிங்கமா கீது நைனா" என்றாள் ரோகிணி. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் மூளையால் சம்பாதித்த ஒன்றை அப்பா பிச்சை மாதிரி ஆக்குகிறாரே என்று இருந்தது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்த தனகோடி சடாரென்று உள்ளே தலையை இழுத்துக்கொண்டார். தெருமுனையில் ஒரு பெரிய கறுப்புக் குடை வந்துகொண்டிருந்தது.

"ஐயையோ, குடை பார்ட்டி!"

குடை பார்ட்டி போன வாரம் மனை பார்க்க வந்தவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு சொந்தமாக வீடு கட்ட வேண்டும் என்று இடம் தேடுகிற பெரியவர். காருக்குள் ஏறும்போதுதான் குடையை மடக்குவார், இறங்குவதற்கு முன் விரித்துவிடுவார். கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துளைத்தார். தனகோடியும் சளைக்காமல் அத்தனை அஸ்திரங்களையும் விட்டார், கடைசி அஸ்திரம் உட்பட. பார்ட்டி மசிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் தருவதாகப் பேச்சு. அந்தக் கமிஷன் வந்தால் ஹாஸ்டலுக்கு முதல் தவணையைக் கட்டிவிடலாம் என்று தனகோடி மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

'அட்வான்சை முன்னாடியே குடுக்க வந்துட்டாரா? இந்த நேரத்துலயா?' என்று அவர் திகைத்துக்கொண்டிருக்கும்போதே குடை வாசலில் வந்து மடங்கியது.

"ரோகிணி வீடு இதுதானேம்மா? நான் ஹரிகிருஷ்ணன். அறக்கட்டளையிலிருந்து வரேன்."

தனகோடிக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது.

நல்ல வேளை, வந்தவருக்கு அடையாளம் தெரியவில்லை. வெள்ளையும் சங்கிலியும் இல்லாத தனகோடி வேறு மனுஷனாக இருந்தார். துண்டை எடுத்துத் தலையைச் சுற்றி முக்காடு போட்டுக்கொண்டு, குரலைக் கரகரப்பாக்கி, "வாங்க சாமி, ஒடம்பு முடியல" என்றார். ஹரிகிருஷ்ணன் பாயில் உட்கார்ந்தார். ரோகிணியிடம் கணக்கைப் பற்றிக் கேட்டார், என்ன பிரிவு எடுக்கப் போகிறாய் என்று கேட்டார். அவள் குறைவாகப் பேசினாலும் நன்றாகப் பேசினாள். பெரியவரின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. தனகோடி, முருகா, இப்படியே அனுப்பிவிடு என்று வேண்டிக்கொண்டார்.

முருகன் துரையை அனுப்பினார்.

"அண்ணாத்த!" என்று வாசலில் நின்றபடியே கத்தினார் துரை. "ஒன் டிவில படம் வரமாட்டேங்குது. ரிமோட்ட எங்க வச்ச? மேட்சு ஓடிகினு கீது!"

"இவன் யார்னே தெரியாது சாமி. பாவம், கொஞ்சம் புத்தி மட்டு" என்றார் தனகோடி. "யாருக்குய்யா புத்தி மட்டு? காலைல கட்டில தூக்கி இடுப்பு புட்டுகிச்சு எனக்கு!" என்று துரை எகிற, ரோகிணி எழுந்து போய் அவர் கையில் ரிமோட்டைத் திணித்து அனுப்பிவைத்தாள். திரும்பி வருகிறபோது, சங்கடத்தை மறைக்க வந்தவருக்குப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

ஹரிகிருஷ்ணன் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். இன்னொரு வாய் குடித்துவிட்டு, முக்காட்டுக்குள் இருந்த முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"இந்தத் தண்ணியை நான் போன வாரம் குடிச்சிருக்கேனே. மனையில, அடிபம்புக்குப் பக்கத்துல. போர் தண்ணியில வெட்டிவேர் வாசனை எப்படி வந்துதுன்னு வீட்டுக்குப் போயும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்." துண்டை மெதுவாக விலக்கினார். "தனகோடி! நீதானாய்யா?"

தனகோடி ஈ என்று சிரித்தார்.

"பொண்ணுக்கு அங்கே ரெண்டு கார்னர் மனை இருக்குன்னு சொன்னியே. அந்தப் பொண்ணு இவதானா?"

தனகோடி மாட்டிக்கொண்ட இடத்தைப் பாருங்கள். மனை உண்டு என்றால் வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் வரும், ஸ்காலர்ஷிப் போகும். இல்லை என்றால் ஸ்காலர்ஷிப் வரலாம், இத்தனை நாள் கட்டிய வியாபாரம் போகும். கதவோரம் நின்ற ரோகிணியை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"மனையெல்லாம் இல்ல சார். ஒரு சென்ட்டு கூட இல்ல. எல்லா பார்ட்டி கிட்டயும் அப்டித்தான் சொல்றது. அந்த கார் என்து இல்ல. சங்கிலி கவரிங்கு. அந்த மனைல தண்ணி உப்பு சார், வாயில வைக்க முடியாது. நீங்க குடிச்சது எங்க வூட்டு தண்ணி. எதிர்ல கம்பெனி வரப்போவுதுன்னு சொன்னேனே, அது சுடுகாடு. ராத்திரில கடல் சத்தம் கேக்கும்னு சொன்னது லாரி சத்தம். நீங்க அந்த மனைய வாங்காதீங்க சார். என் பொண்ண மட்டும் படிக்க வச்சுடுங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருஷத்து வியாபார ரகசியம் ஒரே மூச்சில் போய்விட்டது.

ஹரிகிருஷ்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதையெல்லாம் எதுக்குய்யா சொல்றே? எங்க ஸ்காலர்ஷிப்புக்கும் உன் சொத்துக்கும் சம்பந்தமே இல்லையே. நாங்க பாக்கறது மார்க் மட்டும்தான். நீ கோடீஸ்வரனா இருந்தாலும் குடுப்போம்."

ரோகிணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தலதலயா அடிச்சுகினேனே நைனா!" அடுப்படியிலிருந்து விஜயகுமாரி, "டிவிய கொண்டாந்து வைய்யா மொதல்ல" என்றாள்.

"அப்ப எதுக்கு சார் வூட்டுக்கு வந்தீங்க?" என்றார் தனகோடி பரிதாபமாக.

"ஒரே ஒரு விஷயத்துக்கு. முன்னாடி ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வச்சோம். ரெண்டும் கெட்டிக்காரப் பிள்ளைங்க. ரெண்டாவது வருஷம் நல்ல வரன் வந்துதுன்னு பெத்தவங்களே கூட்டிட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிட்டாங்க. அந்த இடத்துல வேற பிள்ளை படிச்சிருக்கும். அதனாலதான் இப்ப வீட்டுக்கே வந்து அப்பா அம்மாவை நேரா கேட்கிறோம். நாலு வருஷம் பொண்ணைத் தொந்தரவு பண்ணாம விடுவீங்களா? எழுதி வாங்கறது இல்ல, வாய் வார்த்தைதான்." அவர் நிறுத்தி, டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா உன் வாய் வார்த்தையை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது? இந்த வீட்டுல நான் பாத்ததுல நிஜமானது வெட்டிவேர் ஒண்ணுதான்."

ஆயிரம் பேரை நம்பவைத்த தனகோடிக்கு, நிஜத்தைச் சொல்லி ஒருவரை நம்பவைக்க வழி தெரியவில்லை.

"சத்தியமா சார். கற்பூரம் அடிச்சு சொல்றேன்."

"அந்த கற்பூரம் போன லேஅவுட்டுக்கே அடிச்சாச்சு" என்றது அடுப்படிக் குரல்.

ஹரிகிருஷ்ணன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மனசில்லாமல்தான் எழுந்தார். ரோகிணியின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்ததும் தனகோடி எழுந்து அவர் குடையைப் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு அவசரப்படற ஆளு இல்ல சார் நானு. வந்த கல்யாணத்தையே நான்தான் கலைச்சேன்!"

அடுப்படியில் ஏதோ பாத்திரம் உருண்டது. தனகோடி அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"பொங்கலுக்கு மதுராந்தகத்துலர்ந்து வந்தாங்க சார். நல்ல எடம், லாரிலாம் வச்சிருக்காங்க. இவ இன்ஜினீரு ஆவணும்னு ராவும் பகலும் படிச்சிகினு இருக்கா. எப்டி சார் கட்டிக் குடுக்கறது? வேணாம்னு சொன்னா என் பொண்டாட்டி வுட மாட்டா. அதான் யாருக்கும் தெரியாம பஸ்சு ஏறி மதுராந்தகம் போனேன். பையனோட அப்பா கிட்ட, 'ஐயா, நான் கழுத்து வரைக்கும் கடன்காரன், என் மேல சீட்டிங் கேசு ஓடுது, என்னிக்கி உள்ள போவேன்னு எனக்கே தெரியாது, என் வூட்ல சம்பந்தம் வச்சிக்காதீங்க'ன்னு சொன்னேன். அந்தாளு குடுத்த காபிய கூட புடுங்கிக்கினான் சார். என் பொண்ண பத்தி ஒரு வார்த்த தப்பா சொல்லல. எல்லாத்தையும் என் தலை மேலயே போட்டுகினேன்."

விஜயகுமாரி பட்டுப்புடவையும் கையில் கரண்டியுமாக அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முகம் குங்குமமாகச் சிவந்திருந்தது.

"நீயா?" என்றாள். "நீயா போயி சொன்ன?"

"விஜயா, அது வந்து..."

"அட பாவி மனுஷா! காதுகுத்துல நாயி மாதிரி நின்னுகினு இருந்தனே! ஒருத்தி மூஞ்ச பாக்கல. இன்னா தப்பு பண்ணோம், எந்தச் சாமி கோச்சிகிச்சுன்னு மாசக்கணக்கா அழுதுகினு கீறேன். நீ பக்கத்துல குந்தி காத கொடஞ்சிகினு இருந்தியேய்யா! என் ஜாதி ஜனம் பூராவும் இப்ப என்ன திருட்டுப்பய பொண்டாட்டின்னு பேசிகினு கீதா?" கரண்டி பறந்தது. தனகோடி குனிய, அது மடக்கிய குடையில் பட்டு டங்கென்று விழுந்தது. விஜயகுமாரி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஹரிகிருஷ்ணன் திரும்பவும் பாயில் உட்கார்ந்தார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் தலையில் அடித்துச் சத்தியம் செய்ததைப் பார்த்தவர். ஆனால் இந்த அழுகையை ஒத்திகை பார்த்து யாராலும் அழ முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் கொஞ்சம் அடங்கும்வரை காத்திருந்து கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் வார்த்தையை நான் இப்ப நம்பறேன்மா. நீங்க சொல்லுங்க. நாலு வருஷம் பொண்ணை விடுவீங்களா?"

விஜயகுமாரி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். தனகோடியை எரிக்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

"படிக்கட்டும் சார். இந்த ஆளு பண்ண வேலைக்கு, இனிமே எவன் இந்த வூட்ல பொண்ணு எடுக்க வருவான்? அவளாவது படிச்சு சொந்தக் கால்ல நிக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து, குரல் இறங்கி, "அவ நல்லா படிக்கறா சார். எனக்கு மட்டும் தெரியாதா?" என்றாள்.

கதவோரம் நின்றிருந்த ரோகிணி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஓட்டை பனியனில் அவரைப் பார்க்க இப்போது அவளுக்கு அசிங்கமாக இல்லை. "இன்னா நைனா நீ" என்றாள். வந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

போகும்போது ஹரிகிருஷ்ணன் வாசலில் குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கிடையாது, தெரியுதா? நிஜமாவே உன் பொண்ணுக்கு ஒரு மனை வாங்கற இடம்னு ஒண்ணு வந்தா, அன்னைக்கு எனக்குச் சொல்லு. நானும் வாங்கறேன்."

ரோகிணி ஹாஸ்டலுக்குப் போனாள். ஒவ்வொரு செமஸ்டரும் மார்க் குறையாமல் இருந்தால்தான் அடுத்த கட்டணம் கட்டுவார்கள். ஒரு தடவைகூடக் குறையவில்லை. விஜயகுமாரி ரொம்ப நாளைக்குக் கணவரிடம் நேராகப் பேசவில்லை. சுவரைப் பார்த்து, "சோறு ஆறுது" என்பாள், தனகோடி சுவருக்குப் பதில் சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். கடைசியில் அவளே அவரை மதுராந்தகத்துக்கு இழுத்துக்கொண்டு போய், நெல் வியாபாரி வீட்டில் உண்மையைச் சொல்லவைத்தாள். அவர்கள் நம்பவில்லை. "கேசு முடிஞ்சிடுச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

தனகோடி தொழிலை விடவில்லை. வெள்ளைச் சட்டையும் வாடகைக் காரும் அப்படியே இருந்தன, வெட்டிவேர்த் தண்ணீர்கூடச் சில நாள் கேனில் போனது. ஆனால் அந்தக் கடைசி அஸ்திரத்தை மட்டும் அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. மசியப்போகிற பார்ட்டி கண்ணெதிரே நழுவினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பார். மற்ற புரோக்கர்கள், "இன்னாண்ணா, மறந்துட்டியா?" என்று கிண்டல் செய்வார்கள்.

படிப்பு முடிந்து, பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் ரோகிணிக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நைனா, ஒரு மனை பார்க்கணும். பொய் சொல்லாம காட்டு" என்றாள். தனகோடி பித்துப் பிடித்தவர் மாதிரி அலைந்தார். அடிபம்பு அடிபம்பாக அடித்துக் குடித்துப் பார்த்தார். பக்கத்தில் சுடுகாடு இருக்கிறதா, மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று ஆடு மேய்க்கிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டார். தான் எத்தனை பேருக்கு என்னென்ன மறைத்தோம் என்பது அந்த ஒரு மாதத்தில் அவருக்கு நன்றாக ஞாபகம் வந்தது. கடைசியில் திருப்போரூருக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே ஒரு மனை பிடித்தது.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் ரோகிணி கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். தனகோடி வேப்பமரத்தடிக்குப் போய் செல்போனை எடுத்து, மனப்பாடமாக வைத்திருந்த எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்ததும், பழக்கத்தில் குரலை இறக்கி, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார்.

"சார், தனகோடி பேசறேன். என் பொண்ணுக்கே இங்க..."

அதற்கு மேல் வரவில்லை. வாழ்நாளில் எத்தனையோ தடவை சரளமாகச் சொன்ன வரி. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாகக் கொட்டியது. வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஹரிகிருஷ்ணன் கேட்டார். "எத்தனை மனைய்யா?"

"ஒண்ணுதான் சார்" என்றார் தனகோடி. "கார்னர் கூட இல்ல."

"அப்ப நிஜம்தான்" என்றார் ஹரிகிருஷ்ணன். "இரு, குடையை எடுத்துக்கிட்டு வரேன்."